வளையாமல் உடைந்த கடப்பாரை

கேள்வி: கிணற்று வேலைக்கு வைத்திருந்த கடப்பாரை முனை மழுங்கியதால், பட்டறையில் கொடுத்து நீட்டி அடித்து வாங்கினேன். மூன்றாம் நாள் பாறைச் சந்தில் குத்தும்போது, முனையிலிருந்து ஒரு சாண் மேலே பட்டென்று உடைந்துவிட்டது. துளியும் வளையவில்லை. மற்றவர்கள் கடப்பாரையோடு மாறிவிடாமல் இருக்க நான் உளியால் அடையாளம் வெட்டிய இடம் அது. தெறித்த துண்டு கூட நின்றவரின் காலை உரசிப்போனது. இரும்பு கலப்படமா, பட்டறைக்காரர் தவறா?
– தர்மபுரி மாவட்ட வாசகர்

பதில்: உடைந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். உடைந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கற்கண்டை உடைத்தது போல் பெரிய பெரிய மினுக்குத் தெரிகிறதா? அப்படியானால் இரும்பு உலையில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஓரத்தில் மட்டும் துருவேறிக் கறுத்திருந்தால், அந்த இடத்தில் ஏற்கெனவே கீறல் இருந்து, அன்றைக்கு மீதியும் விட்டுப்போனது என்று அர்த்தம். கலப்படத்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எஃகு முழுக்க ஒரே பாளமாகத் தெரிந்தாலும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகள் நெருக்கி அடைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மணிக்கும் விறகுக்கு இருப்பது போல் பிளக்கும் திசை ஒன்று உண்டு. கீறல் ஒரு மணிக்குள் நேராக ஓடிவிடும். அடுத்த மணியின் திசை வேறு என்பதால் எல்லையில் தடுமாறித் திரும்ப வேண்டும். மணி சிறிதானால் தடை அதிகம். பெரிதானால் நீண்ட ஓட்டம், ஒரே அடியில் பிளவு. இங்கிலாந்தில் 1951இல் ஹால் என்பவரும் 1953இல் பெட்ச் என்பவரும் இதற்குக் கணக்கே கண்டார்கள். மணியின் அகலம் கால் பங்காகக் குறைந்தால், மணி எல்லைகளால் கிடைக்கும் பலம் இரண்டு மடங்காகும். எஃகைக் கடினமாக்கும் மற்ற வழிகள் பெரும்பாலும் அதை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளும். மணியைச் சிறிதாக்குவது ஒன்றுதான் பலத்தையும் தாங்கும் தன்மையையும் சேர்த்துக் கொடுக்கிறது.

துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்விசிறி ஊதுகிறது. ஆசாரி ஒரு நிமிடம் வேறு வேலையைப் பார்த்தால் போதும், இரும்பு மஞ்சளைத் தாண்டி வெள்ளையாகிவிடும். அந்தச் சூட்டில் சிறு மணிகள் ஒன்றை ஒன்று விழுங்கிப் பெருக்கும். பொறி பறக்க ஆரம்பித்துவிட்டால் இரும்பு எரிந்துவிட்டது. அந்த நுனியை வெட்டித்தான் எறிய வேண்டும். பொறி பறக்கவில்லை என்றால் மீட்கலாம். காந்தம் ஒட்டாத சூடு 770 டிகிரி. அதற்குச் சற்று மேலே செந்நிறத்துக்குக் கொண்டுபோய், காற்றில் தானாக ஆறவிட்டால் புதிய சிறு மணிகள் உண்டாகும். பிறகு முனையை மட்டும் திரும்பச் செந்நிறத்துக்குக் காய்ச்சித் தோய்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்லச் சூடேற்றி ஊதா நிறம் ஓடும்போது நிறுத்தச் சொல்லுங்கள். தோய்த்தவுடன் அப்படியே கொடுத்தால் வாங்காதீர்கள்.

இனி உங்கள் அடையாள வெட்டு. ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிட்டுத்தானே கிழிக்கிறார்கள்? அதே சங்கதிதான் இங்கேயும். ஆழத்தை விட அடியின் கூர்மைதான் ஆபத்து. 1913இல் இங்கிலிஸ் என்ற பொறியாளர் போட்ட கணக்குப்படி, 4 மில்லிமீட்டர் ஆழப் பள்ளத்தின் அடி 4 மில்லிமீட்டர் ஆரத்தில் உருண்டையாக இருந்தால், அங்கே இழுவிசை சுமார் 3 மடங்காகும். அதே ஆழத்தில் அடி கால் மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கூராக இருந்தால் 9 மடங்கு! உளி வெட்டு இரண்டாவது வகை. கூர்ப்பள்ளத்தின் அடியில் இரும்பு சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கப்படுவதால், வளைந்து கொடுக்கவும் இடமில்லை.

இதே கதை கப்பல் அளவிலும் நடந்திருக்கிறது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில், அமைதியான நீரில் கட்டப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்தது. அந்தப் போர்க்காலத்தில் கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் பலவற்றில், சரக்கு இறக்கும் வாயின் சதுர மூலைகளிலிருந்து கீறல் கிளம்பியது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் ஆராய்ச்சியாளர், குளிரில் அந்த எஃகு நொறுங்குவதைக் காட்டினார். நம் சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. ஆனால் திடீர் அடியும் குளிரைப் போலவே எஃகை நொறுங்க வைக்கும். பாறையில் குத்துவது அதுதானே.

ஆக, முகத்தில் கற்கண்டு மினுக்குத் தெரிந்தால் பட்டறைச் சூட்டுக்கும் பங்கு உண்டு. அடையாள வெட்டுக்கு எப்படியும் பங்கு உண்டு. மிச்சக் கடப்பாரையை வீணாக்க வேண்டாம். உடைந்த இடத்துக்கு மேலே நான்கு விரல் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக முனை அடிக்கலாம். வேறு வெட்டுகள் இருந்தால் கிரைண்டரில் உருண்டையாகத் தேய்த்து, அரத்தால் நீளவாக்கில் வழவழப்பாக்குங்கள். அடையாளத்துக்குப் பெயிண்ட் போதும், மேல் நுனியில்.

கேள்வி: ரோட்டவேட்டர் பிளேடு போல்ட் துளை அருகே விரிசல் விட்டிருக்கிறது. வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். கடினப்படுத்திய எஃகில் வெல்டிங் வைத்தால், பற்றுக்குப் பக்கத்து இரும்பு சட்டென்று ஆறி நொறுங்கும் தன்மை அடையும். பற்றின் ஓரப்பள்ளமே புதிய வெட்டாகிவிடும். சுழலும்போது கல்லில் பட்டு உடைந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. பிளேடை மாற்றுங்கள். மாட்டும்போது பக்கத்துப் பிளேடுகளின் துளை ஓரங்களையும் துடைத்துப் பாருங்கள்.