இடியும் வீட்டுக்கு இசைவுச் சீட்டு!

நிலம் நடுங்குவதை எவரும் தடுத்தல் இயலாது. வீடு இடிந்து மாந்தர்மேல் வீழ்வதை அரசு தடுக்கலாம். துருக்கி அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பதன்று நம் குற்றச்சாட்டு. வரி தண்டியது, சட்டம் இயற்றியது, பின் அச்சட்டத்தைத் தானே கூவி விற்றது!

1999 ஆகத்து 17-இல் இசுமித்துப் பகுதி நடுங்கி 17,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டே தொலைபேசிக்குத் தனிவரி வந்தது. சிறிது காலத்திற்கே என்றனர். 2003-இல் நிலைவரி ஆக்கினர். 2011-இல் வான் நடுக்கத்தின்பின் 'அப்பணம் எங்கே?' என்று மக்கள் வினவினர். சாலைக்கும் தொடர்வண்டிக்கும் பிறவற்றுக்கும் செலவாயிற்றெனப் பணத்துறை அமைச்சரே விடையிறுத்தார். சாலை வேண்டாவென்று யார் சொன்னார்? அதற்கு இறந்தோர் பெயரால் வரி எதற்கு?

கட்டடங்களை ஆய்வு செய்யத் தனியார் நிறுவனங்களை அமர்த்த 2001-இல் சட்டம் வந்தது. ஆனால், 2019 வரை நடைமுறையில் அந்நிறுவனத்தைத் தேர்ந்தவர் கட்டுநரே! களவனே காவலனுக்குக் கூலி கொடுத்தான்.

2018-இல் வந்ததே கொடுமையின் முடி. முறைகேடாய் எழுப்பிய கட்டடத்துக்கு உரியவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பணங்கட்டினால் பதிவுச் சான்று கிடைக்கும். பொறியாளர் வந்து பாரார். நடுக்கத்தை அது தாங்குமா என்பது உரிமையாளர் பொறுப்பென்று சட்டமே கைகழுவிற்று. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கட்டட அமைதி'! சொல்லையும் கொன்றனர், காண்மின்! பொறியாளர் மன்றங்கள் எதிர்த்துக் கதறியும் எழுபது இலக்கத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 2019 தேர்தற் பரப்புரையில் குடியரசுத் தலைவர் எர்தோகன், மராசில் 1,44,000-க்கு மேற்பட்டோரின் சிக்கலைத் தீர்த்தோமெனப் பெருமை பேசினார்.

2023 பிப்பிரவரி 6-இல் அம்மராசுப் பகுதியே நடுங்கிற்று. முதலில் 7.8 அளவில், சில மணி நேரத்தில் மீண்டும் 7.5 அளவில். துருக்கியில் மட்டும் 53,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

'அத்துணை விசையை எக்கட்டடந்தான் தாங்கும்?' என்பார் உளர். சப்பானைப் பார்க்கட்டும்! அங்கே 1981-இல் கட்டட விதியை இறுக்கினர். 1995-இல் கோபே நடுங்கி 6,000-க்கு மேற்பட்டோர் இறந்தபோது பெரிதும் வீழ்ந்தவை பழங்கட்டடங்கள். புதுவிதிப்படி எழுந்தவற்றுள் மிகப்பல நின்றன. பழையவற்றை வலுப்படுத்த அவ்வாண்டே சட்டம் செய்தது அவ்வரசு.

துருக்கியிலோ கட்டுநர் பலரைச் சிறைப்பிடித்தனர்; நன்று. இசைவுச் சீட்டில் கையொப்பமிட்ட அலுவலரை வழக்குமன்றில் நிறுத்த வேண்டுமாயின் மேலிடத்து ஒப்புதல் வேண்டுமாம். அதை வழங்க வேண்டியவர் எவர்? அதே அரசினர்!