சீல் பிரிக்காத பாட்டு யாருக்கு?

இது நீண்ட பதிவு. முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் வெளிநாட்டில் இருக்கும் என் மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பேர் சொல்ல மாட்டேன், அவன் வகுப்பில் இருந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். எண்பதுகளில் வந்த ஒரு படத்தின் பாட்டு, புதிதாக அச்சடித்த எல்.பி. இசைத்தட்டு. உறையில் தங்க எழுத்தில் '500-ல் 137'. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறான். "சார், லிமிடெட் எடிஷன். சீல் பிரிக்கல. 11,000 ரூபாய்க்கு வாங்கினேன், இப்பவே 20,000 கேக்குறாங்க" என்று எழுதியிருந்தான்.

"கேட்டியாப்பா, எப்படி இருக்கு?" என்றேன்.

"சார், பிரிச்சா மதிப்பு போயிடும்" என்றான்.

அந்தப் பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். அவன் நல்ல பையன். இதைப் படித்துவிட்டு வருத்தப்படுவான். வருத்தப்படட்டும். ரெக்கார்ட் ஆய்வு நோட்டு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தபோதும் வருத்தப்பட்டான், பிறகு பொறியாளர் ஆனான்.

முதலில் இயற்பியல். இசைத்தட்டு என்பது பிளாஸ்டிக்கில் வெட்டிய ஒரு பள்ளம். பன்னிரண்டு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும்போது, ஊசி அந்தப் பள்ளத்தின் நெளிவுகளில் அசைகிறது. அந்த அசைவு மின்சாரமாகி, மின்சாரம் ஒலியாகிறது. ஊசி இறங்காத தட்டில் இசை இல்லை, இசைக்கான ஏற்பாடுதான் இருக்கிறது. சமைக்காத அரிசியைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டு "என் வீட்டில் விருந்து இருக்கிறது" என்று சொன்னால் ஊர் சிரிக்காதா?

"சார், நாங்கள் பாதுகாக்கிறோம்" என்பது சேகரிப்பவர்களின் முதல் பதில். தவறு. மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் இன்னும் இறுகும். உள்ளே இருக்கும் தட்டை வளைக்கவும் செய்யும். நம்ம ஊர் சித்திரை வெயிலில், மேற்குப் பார்த்த அறையில், சுவரில் மாட்டி வைத்த தட்டு பத்து வருடத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரிக்காமல் அது எப்படித் தெரியும்? தெரியாமல் இருப்பதற்குத்தான் 20,000 ரூபாய்.

இரண்டாவது பதில்: "டிஜிட்டலில் வராத சுத்தமான ஒலி சார் இதில்." இதையும் பார்ப்போம். அமெரிக்காவில் மொபைல் ஃபிடலிட்டி என்ற நிறுவனம், பழைய மூல நாடாவிலிருந்து நேராக வெட்டியது என்று ரசிகர்கள் நம்பிய தட்டுகளை, எண்ணிக்கை வரம்பு போட்டு, ஒன்று நூறு டாலருக்கு மேல்கூட விற்றது. 2022-ல் அரிசோனாவில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் கேள்வி கிளப்பினார். நடுவில் டிஜிட்டல் பதிவு ஒன்று இருப்பதை நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். வழக்காகி, சுமார் இரண்டரைக் கோடி டாலர் அளவுக்குச் சமரசம் பேசினார்கள். வருடக்கணக்கில் "இதுதான் சுத்த அனலாக்" என்று சொல்லிக்கொண்டிருந்த காதுகள் எதுவும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டவர்களுக்கே அந்தக் கதி என்றால், சீலே பிரிக்காதவர் எந்தச் சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தட்டு அரிதாவதற்கு மூன்று வழி உண்டு.

ஒன்று, விபத்து. 1954-ல் 'தி கெய்ன் மியூட்டினி' என்ற ஹாலிவுட் படத்துக்கு மாக்ஸ் ஸ்டைனர் இசையமைத்தார். அதன் தட்டில் ஒரு பக்கம் முழுக்க நீதிமன்றக் காட்சியின் வசனத்தைப் போட்டார்கள். மூல நாவலை எழுதிய ஹெர்மன் வூக் எதிர்த்தார். தட்டு கடைக்கு வருமுன்னே திரும்பப் பெறப்பட்டது. தப்பித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகள். திரைப்பட இசைத்தட்டு சேகரிப்பவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். அது நியாயமான தேடல்.

இரண்டு, தேவை. அமெரிக்காவில் படத்துக்கு வாசித்த கலைஞர்களுக்கு, அந்தப் பின்னணி இசையைத் தனியாக விற்கும்போது மறுபடியும் கட்டணம் தரவேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் விதி. அந்தச் செலவுக்குப் பயந்தே பல பழைய படங்களின் இசை வெளிவராமல் கிடந்தது. சில ஆயிரம் பிரதிகளுக்குள் நிறுத்திக்கொண்டால் குறைந்த கட்டணம் போதும் என்று ஏற்பாடு வந்த பிறகு, பெட்டியில் தூங்கிய இசையெல்லாம் வெளியே வந்தது. அங்கே 'லிமிடெட்' என்ற சொல் ஒரு கதவைத் திறந்தது.

மூன்று, வேண்டுமென்றே செய்வது. இங்கே நடப்பது பெரும்பாலும் இதுதான். எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும் அதே ஐந்து பாட்டை ஐந்நூறு தட்டில் அடித்து, எண் போட்டு, ஐந்நூற்று ஒன்றாவது ஆள் ஏங்கும்படி செய்வது. அந்த ஏக்கத்துக்குத்தான் விலை. தட்டு கைமாறிக் கைமாறி 20,000 ஆகும்போது, இசையமைத்தவருக்கோ வயலின் வாசித்தவருக்கோ அதில் ஒரு பைசா போகாது.

இதில் எனக்கு ஆத்திரம் வரும் இடம் எது தெரியுமா? நம் படங்களின் உண்மையான பின்னணி இசை பெரும்பாலும் தட்டாகவே வந்ததில்லை!

இளையராஜா ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்தவர். படம் வெட்டி ஒட்டி முடிந்த பிறகு, ரீல் ரீலாகத் திரையில் பார்த்து, அங்கேயே நோட்ஸ் எழுதி, வாத்தியக்காரர்களை வைத்துச் சில நாட்களில் முடித்துவிடுவார். ரீரெக்கார்டிங் என்று நாம் சொல்லும் அந்த இசை எங்கே? எல்.பி.யில் பாட்டு மட்டும்தான் இருக்கும். எப்போதாவது ஒரு தீம் இசை சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். 'ஹௌ டு நேம் இட்' 1986-ல் தனி இசைத்தொகுப்பாக வந்தது. வி.எஸ். நரசிம்மன் வயலின் வாசித்தது. அதையே எடுத்து பாலு மகேந்திரா பாட்டே இல்லாத தன் 'வீடு' படத்துக்குப் பின்னணி இசையாக வைத்தார். தொகுப்பு படமானதற்கு அது உதாரணம். படத்தின் பின்னணி இசை தொகுப்பானதற்கு, அந்தக் காலத்தில் எத்தனை உதாரணம் சொல்வீர்கள்?

நமக்குக் கிடைத்ததெல்லாம் கதை வசனத் தட்டும், வானொலி ஒலிச்சித்திரமும்தான். 'திருவிளையாடல்' வசனம் கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் அலறும். 'விதி' வசன கேசட் கல்யாண வீட்டில் ஓடும். 1939 முதல் ஒலிக்கும் நம் திருச்சி வானொலி நிலையம் நம் தலைமுறைக்குப் போட்ட சோறு அது. வசனத்துக்கு இடையிடையே வரும் அந்த வயலினும் புல்லாங்குழலும்தான் எங்களுக்குக் கிடைத்த 'ஸ்கோர் ஆல்பம்'.

இங்கே என் சொந்தக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உபதேசம் மட்டும் செய்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ஒலிச்சித்திரம் பதிவு செய்வாள். நேரடி வயர் கிடையாது, மைக்தான். அதனால் எங்கள் உத்திர வீதி வீட்டின் சத்தமெல்லாம் அதில் விழும். பாத்திரம் உருளும், குழந்தை அழும், கீரைக்காரம்மா கூப்பிடுவார். அப்படி இரண்டு கேசட் சேர்ந்தன. ஒன்றை லால்குடியில் இருந்த தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். எனக்குக் கோபமான கோபம். "ஓட்டி ஓட்டித் தேய்ச்சிடுவாங்க" என்று சத்தம் போட்டு, மற்றொன்றை எடுத்து, யாரும் அழித்துப் பதிவு செய்துவிடாதபடி பின்பக்கப் பிளாஸ்டிக்கை உடைத்து, பாச்சா உருண்டை போட்டு பீரோவில் பூட்டினேன். பிள்ளைகள் கேட்டபோது கொடுக்கவில்லை. அவளே கேட்டபோதும், "அப்புறம் போடலாம்" என்றேன்.

2019-ல் அவள் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் முடிந்து பீரோவைத் திறந்தேன். நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. ஒட்டிக்கொண்டிருந்தது. ஆசையில் அவசரப்பட்டுப் போட்டேன், இயந்திரம் நாடாவை மென்று துப்பியது. பழைய ரேடியோ சரிசெய்யும் ஒரு தம்பி பஞ்சு வைத்துத் துடைத்து, அறுந்த இடத்தை ஒட்டி, பதினோரு நிமிடம் மீட்டுக் கொடுத்தார். அந்தப் பதினோரு நிமிடத்தில் ஒரு இடத்தில், பின்னணியில் வயலின் ஏறும்போது, "காபி ஆறிப்போகுது, எடுத்துக்குங்க" என்கிறாள். எனக்கு மிஞ்சியது அது.

லால்குடி கேசட் என்ன ஆயிற்று? நான் பயந்தபடியே தேய்ந்து செத்தது. ஆனால் அதற்குள் கொழுந்தியாள் வீட்டுப் பையன் அதை இன்னொரு கேசட்டிலும், பிறகு சி.டி.யிலும், பிறகு கைப்பேசியிலும் ஏற்றிவிட்டான். ஒன்றரை மணி நேரமும் முழுசாக இருக்கிறது. பூட்டி வைத்த நான் தொலைத்தேன், கேட்டுத் தீர்த்தவர்கள் காப்பாற்றினார்கள். இதைவிட நல்ல பரிசோதனையை நான் எந்த ஆய்வகத்திலும் செய்ததில்லை.

இது நம் ஊருக்குப் புதிய செய்தியும் இல்லை. நாலாயிர திவ்யப் பிரபந்தம் எப்படிக் கிடைத்தது என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது? காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்ரிகர்கள் பத்தே பத்துப் பாசுரம் பாடினார்கள். அதைக் கேட்ட நாதமுனிகள் மீதியைத் தேடிப் போனார். அந்தப் பத்தை அவர்கள் பட்டுத்துணியில் சுற்றி 'எங்களிடம் மட்டும் உள்ளது' என்று வைத்திருந்தால், இன்று மார்கழியில் பெரிய கோயிலில் அரையர் எதைச் சேவிப்பார்? மறுபக்கமும் பாருங்கள். நம் திரிசிரபுரத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே.சா. ஏடு தேடி வீடு வீடாக அலைந்தார். பரண்மேல் பத்திரமாக இருந்த ஏடுகளைச் செல் தின்றிருந்தது. சிலர் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டிருந்தார்கள். அவர் அச்சேற்றி ஊருக்குக் கொடுத்ததுதான் பிழைத்தது.

"என் காசு, என் இஷ்டம் சார்" என்பீர்கள். சரிதான். உன் காசில் நீ என்ன வாங்குகிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதை 'இசை ரசனை' என்று சொல்லாதே. பங்குப் பத்திரம் வாங்கினேன் என்று சொல், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

"உங்கள் தலைமுறை மட்டும் யோக்கியமா?" என்றும் கேட்கலாம். இல்லை. அரக்கில் செய்த பழைய 78 தட்டுகளை நாங்கள்தான் உடைத்தோம், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். பாகவதர் வாழ்ந்த ஊர், திருச்சி லோகநாதன் பிறந்த ஊர், வாலி வளர்ந்த ஊர் இது. எத்தனை வீட்டுப் பரணில் என்ன இருந்தது என்பதே தெரியாமல் போயிற்று. முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது, இன்று பார்க்க ஒரு பிரதி இல்லை. நாங்கள் அலட்சியத்தால் தொலைத்தோம். நீங்கள் ஆசையால் தொலைக்காதீர்கள். அதற்காகத்தான் கத்துகிறேன்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், சீலைப் பிரியுங்கள். கேளுங்கள். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டு, வீட்டில் பழைய தட்டு, கேசட் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டல் பிரதி எடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் என்னைப்போல் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்ததுதான் அது. சேகரிப்பு என்றால் அப்படி இருக்கவேண்டும், அடுத்தவன் வந்து படிக்கும்படி.

மூன்று, 11,000 ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கும் நீங்கள் இசை நிறுவனங்களிடம் வாயைத் திறந்து கேளுங்கள்: "அதே பாட்டை ஏழாவது தடவை விற்காதீர்கள். மூல நாடா மக்குவதற்குள் பின்னணி இசையை வெளியிடுங்கள். எண் போடவேண்டாம், எத்தனை பேர் கேட்டாலும் கொடுங்கள்." வாங்குகிறவன் கேட்டால்தான் விற்கிறவன் அசைவான்.

என்னிடம் பழைய பிளேயர் ஒன்று நன்றாக ஓடுகிறது. மாதத்தில் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் வீட்டு மொட்டை மாடியில் தட்டு போடப் போகிறேன். ஊரில் இருப்பவர்கள் வாருங்கள். அந்த லால்குடி ஒலிச்சித்திரமும் போடுவேன், கீரைக்காரம்மா குரலும் கேட்கலாம்.

137-ம் நம்பர் தம்பிக்கு: பொங்கலுக்கு ஊருக்கு வருவதாகச் சொன்னாய். தட்டையும் கொண்டு வா. கத்தரிக்கோல் நான் வைத்திருக்கிறேன். விலை குறையும் என்று பயமாக இருந்தால் உன் அப்பாவையும் கூட்டி வா. நீ படிக்கும்போது அந்தப் படத்தின் பாட்டை எங்கள் பள்ளிக்கூட மதில் ஓரத்து டீக்கடையில் நின்று கேட்டவர் அவர். முதலில் அவர் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
திருவரங்கம்