புல்வெட்டி பழுதானது யார் குற்றம்?

விஷ்ராந்த்வாடியில் நான் குடியிருக்கும் வளாகத்தின் கூட்டத்தில் சென்ற வாரம் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டது. வாங்கி இரண்டு மழைக்காலம்கூட முடியாத பெட்ரோல் புல்வெட்டியின் பிஸ்டன் இறுகிவிட்டது. தோட்டப் பணியாளரின் அலட்சியமே காரணம். பழுதுச் செலவில் ஒரு பகுதியை அவர் சம்பளத்தில் பிடிக்கலாம். தலையசைத்தவர்களுள் பொறியியல் கற்பிப்பவரும் இருந்தார் என்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

அந்த இயந்திரம் டூ ஸ்ட்ரோக் வகை. அதில் எண்ணெய்க்கெனத் தனி அறை கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் உயவு. 50:1 விகிதமெனில் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. அளவுக் குவளையும் கையேடும் செயலரின் இழுப்பறையில் கிடக்க, பணியாளர் சோடாப் புட்டியின் மூடியால் அளந்து ஊற்றிவந்தார். கையேடு கிடைத்திருந்தாலும் பயனில்லை: அது ஆங்கிலத்தில் இருக்கிறது, அவர் வாசிப்பது மராத்தி.

இதைவிடப் பெரிய பிழை எரிபொருள் கேனில் இருக்கிறது. இன்று நாம் வாங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனால் நீரை ஈர்க்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். எண்ணெயோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். தொட்டியில் உறிஞ்சுகுழாய் கிடப்பது அடியில். ஆக, எஞ்சினுக்குள் போவது எண்ணெயற்ற திரவம். செப்டம்பரில் மிஞ்சிய கலவையைக் கொட்டாமல் ஜூனில் பயன்படுத்தச் சொன்னது யார்? சிக்கனம் பேசிய அதே குழு. பருவம் முடிந்ததும் தொட்டியை வடித்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டிருந்தால் கார்புரேட்டரும் பிழைத்திருக்கும்.

வாங்கிய முறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: இணையத்தில் எது மலிவோ அது. உதிரிபாகம் அருகில் கிடைக்குமா, தண்டினுள் சுழல்வது திடமான எஃகுக் கம்பியா வளையும் கேபிளா, எவரும் கேட்கவில்லை. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 போன்ற 35.8 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் தனியாக நிற்பதால் கலவைப் பிழைக்கே இடமில்லை. விலை கூடுதல்தான். ஆனால் அதிலும் எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டும், காற்று வடிகட்டியைக் கழுவ வேண்டும், கியர் தலைக்குக் கிரீஸ் இட வேண்டும். பராமரிப்பே வேண்டாத இயந்திரத்தை எந்த நிறுவனமும் விற்பதில்லை. பேட்டரி வகை வாங்கலாம் என்கிறார்கள். முன்புறப் புல்தரைக்குச் சரி, பின்புறத்தில் இடுப்பளவு வளரும் புதருக்கு எத்தனை பேட்டரி?

அந்தப் புதரில் பாதி, மராத்தியில் காஜர் கவத் எனப்படும் பார்த்தீனியம். இந்தியாவில் அதன் பரவல் 1950களில் முதலில் கவனிக்கப்பட்டதே இந்தப் புணேயில்தான். அதைப் பூப்பதற்கு முன் கையுறையோடு வேருடன் பிடுங்க வேண்டும். வெட்டினால் அடித்தண்டிலிருந்து மீண்டும் தழைக்கும். நைலான் நரம்பால் அதை அடிக்கச் சொன்னோம். நரம்பு அறுந்தது, கிளட்ச் சூடேறியது, மகரந்தம் அவர் முகத்தில் படிந்தது.

சம்பளப் பிடித்தத்துக்கு எதிராக என் மறுப்பை எழுத்தில் கொடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு அந்த எரிபொருள் கேனைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி எடுத்துச்செல்லப் போகிறேன். செயலரின் இழுப்பறையில் பிரிக்கப்படாத உறையில் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும் கிடக்கிறது, அதையும்.