விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட் பாடுமா?

(மூன்றாம் ஆண்டு, இ.சி.இ.)



பைனல் இயர் வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது எதை? சால்டரிங் அயர்னையா? இல்லை, ப்ராஜெக்ட் விற்கிற இடத்தை! பணத்தைக் கட்டினால் போர்டு ரெடி, ரிப்போர்ட் ரெடி, வைவாவில் கேட்கப்போகும் கேள்விக்குப் பதிலும் ரெடி. கொண்டுவந்து ஸ்விட்ச் போட்டால் எல்.இ.டி. மினுக்கும். எக்ஸ்டர்னல் தலையாட்டுவார். டிப்ளமோ கையில்! ஆனால் நாளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சூப்பர்வைசர், "தம்பி, இந்த ரெசிஸ்டரை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டால்...? அங்கேதான் முழி பிதுங்கும்.

இதற்கு நான் சொல்லும் மருந்தைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். வால்வு ஆம்ப்ளிஃபையர் செய்வோம்! அதுவும் கிடாருக்கு.

"வால்வா? அது தாத்தா வீட்டு ரேடியோவில் இருந்ததாச்சே!" என்பீர்கள். உண்மைதான். நம் நாட்டில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-லேயே ரேடியோ வால்வு தயாரித்தது. அந்தத் தயாரிப்பு எப்போதோ நின்றுபோனது. ஆனால் கிடார்காரர்கள் வால்வை விடவில்லை. ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா நாடுகளில் இன்றும் புதிதாகத் தயாராகிறது. காரணம் அதன் சத்தம். அளவுக்கு மீறி சிக்னல் கொடுத்தால் வால்வு அலையின் தலையைச் சட்டென்று வெட்டாமல், மெல்ல வளைக்கும். நம் புத்தகம் 'டிஸ்டார்ஷன்' என்று குறை சொல்வதைத்தான் கிடார்காரர் காசு கொடுத்து வாங்குகிறார்!

ஆனால் எனக்கு முக்கியம் சத்தம் அல்ல, பாடம். ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு ஈ.சி.சி.83 ஒன்று, ஈ.எல்.84 ஒன்று, இரண்டு ட்ரான்ஸ்பார்மர், கைப்பிடி அளவு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அவ்வளவுதான். பி.சி.பி.கூட வேண்டாம், டேக் ஸ்ட்ரிப் போதும். ஒவ்வொரு ஒயரும் கண்ணுக்குத் தெரியும். புரோகிராம் உள்ளே ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

கணக்கைப் பாருங்கள். கிடார் தருவது சுமார் 100 மில்லி வோல்ட். ஈ.எல்.84 முழுச் சக்தி தர அதன் கிரிடில் 4.3 வோல்ட் வேண்டும். இடையில் ஈ.சி.சி.83. அதற்குள் இரண்டு ட்ரையோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 மடங்கு பெருக்கும். டேட்டா ஷீட்டின்படி 250 வோல்ட்டில் ஈ.எல்.84 தருவது 5.7 வாட். கேட்கும் லோடு 5,200 ஓம். நம் ஸ்பீக்கரோ 8 ஓம்! 5,200-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 25.5. அதுதான் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் டர்ன்ஸ் ரேஷியோ. இம்பிடன்ஸ் மேட்சிங் என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது, இங்கே காயிலாகக் கையில் கிடைக்கும்.

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பட்டறைகளுக்கா பஞ்சம்? ட்ரான்ஸ்பார்மர் சுற்றித் தருகிற அண்ணன் யாரையாவது பிடியுங்கள். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஈ, ஐ ஸ்டாம்பிங்கை வழக்கம்போல மாற்றி மாற்றி அடுக்கக் கூடாது. ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் ஒரு பக்கம், நடுவே மெல்லிய பேப்பர். ஏனென்றால் இந்த சர்க்யூட்டில் பிரைமரி வழியாக சுமார் 50 மில்லி ஆம்பியர் டி.சி. எப்போதும் ஓடும். கேப் இல்லாவிட்டால் கோர் சாச்சுரேட் ஆகிவிடும். இதைச் சொல்லும்போது அந்த அண்ணன் நம்மை நிமிர்ந்து பார்ப்பார் பாருங்கள், அதற்கு எந்த மார்க்கும் ஈடாகாது!

"நம்மால் ஆகுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1962-ல் லண்டனின் மேற்குப் புறநகரான ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் ஒரு இசைக் கருவிக் கடை வைத்திருந்தார். கிடார்காரர்கள் நல்ல ஆம்ப்ளிஃபையர் கேட்டார்கள். அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேன் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து, கடையின் ரிப்பேர்காரர் கென் பிரானும் டட்லி கிரேவனும் ஒன்றைச் செய்தார்கள். உலகமே அறிந்த மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் அப்படித்தான் பிறந்தது. டட்லி கிரேவன் யார் தெரியுமா? ஈ.எம்.ஐ. கம்பெனியில் அப்ரண்டிஸ். வயது 18. நம் வயசு, தோழர்களே!

இனி நான் சொல்வதுதான் முக்கியம். இதை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள்.

200-0-200 ட்ரான்ஸ்பார்மர் என்றால் ரெக்டிஃபை ஆனதும் 280 வோல்ட் டி.சி.யைத் தாண்டும். உயிரைக் குடிக்க அது போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம் பிளீடர் போட்டால் டைம் கான்ஸ்டன்ட் சுமார் 10 செகண்ட். ஐந்து மடங்கு காத்திருந்தால், அதாவது ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில், சார்ஜ் இறங்கிவிடும். பிளீடர் போடாவிட்டால்? எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளீடர் இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். லைவில் அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். சேஸிஸுக்கு எர்த் கட்டாயம். முதல் தடவை ஆன் பண்ணும்போது சீரீஸ் லேம்ப் வேண்டும், அதுவும் பழைய குண்டு பல்பு, எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கர் இணைக்காமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் போயே போச்சு.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தானே லேப்? ஆனால் பல கல்லூரிகளில் என்ன நடக்கிறது? கடைசி பீரியட் முடிந்ததும் லேபுக்குப் பூட்டு. கேட்டால், "ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் லேபைப் பூட்டினால் ஆசை அடங்கிவிடுமா? ஆசைப்பட்டவன் வீட்டில் கட்டில் மேல், தம்பி தங்கை விளையாடுகிற இடத்தில், ரெண்டு பின் பிளக்கில் செய்யப் பார்ப்பான். ஆசைப்படாதவன் ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்குவான். பூட்டால் ஆபத்து குறையவில்லை. கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவுதான்!

ஆகவே நம் யூனியன் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு மாலை லேப் திறந்திருக்கட்டும். ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மர் வைத்த ஒரு பெஞ்ச், கூட ஒரு ஸ்டாஃப் அல்லது லேப் அசிஸ்டென்ட். நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி செய்தால் செலவும் நாலாகப் பிரியும். சேஸிஸ் வளைக்க மெக்கானிக்கல் தோழர்கள், சர்க்யூட்டுக்கு நாம். டிபார்ட்மென்ட் சண்டையும் கொஞ்சம் குறையும்!

முதல் தடவை ஆன் பண்ணும்போது அது பாடாமல், 'ஊ'வென்று ஹம் அடிக்கலாம். அடிக்கட்டும். எர்த் எங்கே தப்பு, ஹீட்டர் ஒயர் எங்கே தப்பு என்று தேடித் தேடிப் பிடிக்கிற அந்த நாலு நாள் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. அந்த நாலு நாள்தான் டிப்ளமோ!

அடுத்த காலேஜ் டே மேடையில் நம்மவர் ஒருவர் இளையராஜா பாட்டைக் கிடாரில் எடுக்கட்டும். அவர் பக்கத்தில் சிவப்பாய்க் கனன்றுகொண்டிருக்கும் பெட்டி நம் லேபிலிருந்து வந்ததாக இருக்கட்டும். என்ன சொல்றீங்க?