கூட நிற்பவனோடுதான் போட்டி



துப்பாக்கி சுடுவதைப் பற்றி எழுதப் போகிறோம். யாரும் பதற வேண்டாம், ஒலிம்பிக்கில் நடக்கிற விளையாட்டைத்தான் சொல்கிறோம். பலாங்கொடையில் எந்தப் பிள்ளையும் அதை விளையாடி நாங்கள் கண்டதில்லை. ஆனாலும் வலய மட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் காலம் வந்தால் எங்களுக்கு அந்த விளையாட்டுத்தான் ஞாபகம் வருகிறது.

ஒரே வகுப்பில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் குண்டு போடுதல் நன்றாக வரும், போக முடிந்தது ஒருவர்தான். அன்றிரவே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். "சேர், அவனுக்கு இது கடைசி வருஷம், எங்கட மகன் அடுத்த முறை போகட்டும் என்று சொல்லாதீங்க." மற்ற வாப்பாவும் அதையேதான் வேறு மாதிரிச் சொல்வார். பிறகு பள்ளிவாசலில் ஒரே ஸப்பில் நின்று தொழுதுவிட்டு, ஸலாம் சொல்லாமல் ஆளுக்கொரு வாசலால் போவார்கள். பிள்ளைகள் இரண்டு நாளில் சேர்ந்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு வருஷம் எடுக்கும்.

எயார் ரைபிள் போட்டியில் இலக்கு பத்து மீற்றர் தூரத்தில் இருக்கும். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் அரை மில்லிமீற்றர். அறுபது தடவை சுட வேண்டும். போட்டியாளர்கள் எல்லாரும் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் வேறு இலக்கு. பக்கத்தில் நிற்பவரின் புள்ளியைக் கூட்டவோ குறைக்கவோ யாராலும் முடியாது. கால்பந்து போல தட்டிவிட முடியாது, ஓட்டம் போல குறுக்கே வர முடியாது. ஒலிம்பிக்கில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நாடு இரண்டு பேரைத்தான் அனுப்பலாம். ஆக, வருஷக்கணக்கில் கூடப் பயிற்சி செய்தவனே அன்றைக்குப் போட்டியாளனும் ஆகிறான்.

2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் அபினவ் பிந்த்ரா முதல் சுற்றில் எடுத்தது 596. அதே அணியின் ககன் நரங் எடுத்தது 595. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர். எட்டாம் இடத்துக்குப் புள்ளி சமமாகி, சமநிலையை உடைக்கும் விதியில் நரங் ஒன்பதாவது ஆனார். பிந்த்ரா உள்ளே போய் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தார். ஒரு புள்ளியில் இரண்டு வாழ்க்கை வேறு வேறு பக்கம் போனது. 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டில் அதே இருவரும் ஜோடியாக நின்று தங்கம் எடுத்தார்கள். தனிநபர் போட்டியில் நரங் தங்கம், பிந்த்ரா வெள்ளி. 2012 லண்டனில் பிந்த்ரா முதல் சுற்றோடு வெளியேற, நரங் வெண்கலம் வென்றார். இவர்களில் ஒருவரிடம் 2008க்கு முன்பே யாராவது "நீ விட்டுக் கொடு" என்று சொல்லியிருந்தால்?

2024 பரிஸ் கதை இன்னும் கசப்பு. கடலூரில் பிறந்த நம் தமிழ்ப் பிள்ளை இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாம் இடம். கூட வந்த ரமிதா ஜிந்தால் 631.5 எடுத்து ஐந்தாவதாக இறுதிச் சுற்றுக்குப் போனார். அறுபது சூட்டில் வித்தியாசம் 0.8. அதற்கும் முன்னால் நடந்ததுதான் எங்களுக்கு முக்கியம். அந்த நிகழ்ச்சிக்கான இரண்டு இடங்களையும் இந்தியாவுக்கு வென்று கொடுத்தவர்கள் மெஹுலி கோஷும் திலோத்தமா சென்னும். தெரிவுப் போட்டி முடிந்தபோது அந்த இருவருமே பட்டியலில் இல்லை. வென்றெடுத்த இடம் நாட்டுக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல என்பது விதி. அது நியாயமா என்று இரண்டு பக்கமும் பேசலாம். எங்களுக்கே மனது கேட்கவில்லை. ஆனால் விதி முன்கூட்டியே தெரிந்தது, புள்ளி எல்லாருக்கும் தெரிந்தது. "யார் மாமா யாரிடம் பேசினார்" என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 1994இல் கனடாவின் விக்டோரியா பொதுநலவாய விளையாட்டில் மாலினி விக்ரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் பெண்கள் எயார் ரைபிள் ஜோடிப் போட்டியில் தங்கம் வென்றார்கள். அந்தப் பெயர்கள் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? கிரிக்கெட் வீரரின் பிறந்த நாள் கூடத் தெரியும்.

ஸஹீஹுல் புகாரியில் ஸலமா இப்னுல் அக்வஃ (ரழி) அறிவிக்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. அஸ்லம் குலத்தார் தங்களுக்குள் அம்பெறிந்து போட்டியிடுகிறார்கள். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் அவர்களை உற்சாகப்படுத்தி, தாம் ஒரு பிரிவாரோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். உடனே மற்றப் பிரிவார் கையை நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எறிவது என்று கேட்கிறார்கள். அப்போது நபியவர்கள், எறியுங்கள், நான் உங்கள் எல்லாரோடும் இருக்கிறேன் என்கிறார்கள். போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பக்கம் விட்டுக் கொடுக்கட்டும் என்றும் சொல்லவில்லை. ஆசிரியரும் அதிபரும் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

விளையாட்டோடு இது நிற்பதில்லை. உயர்தர வகுப்பில் குறிப்புக் கொப்பியை ஒளிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். வீட்டில் உம்மா சொல்லி அனுப்புகிறார், "அவளுக்குக் காட்டாதே." பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம். உங்கள் மகள் போட்டியிடுவது பக்கத்து மேசைப் பிள்ளையோடு மட்டுமல்ல, எம்பிலிப்பிட்டியவிலும் இரத்தினபுரியிலும் முகம் தெரியாமல் படிக்கிற அத்தனை பேரோடும்தான். கொப்பியை ஒளித்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இரவு ஒன்பது மணிக்குச் சந்தேகம் கேட்க ஒரு ஆள் இல்லாமல் போவது உங்கள் மகளுக்குத்தான். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு ட்யூஷனும் இல்லை, அந்தக் கொப்பியும் இல்லை என்றால் என்னதான் இருக்கிறது?

தெரிவு நாளில் ஆளுக்கு மூன்று எறிதல், பெற்றோர் முன்னிலையில் அளந்து, அளவை அன்றே அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். தெரிவாகாத பிள்ளையும் மற்றவனோடு வலயப் போட்டிக்கு வர வேண்டும், அவனது குண்டைத் தூக்கிக் கொடுக்கவாவது. வான் கூலிக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது. முடிந்தவர்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.