பேய் பிடிக்கவில்லை, மனசு களைத்துவிட்டது!

"தலை வலிக்குது டாக்டர். தூக்கமே வரல. கை கால் எல்லாம் அசதி."

சோரியாங்குப்பத்திலிருந்து பாகூர் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண் இப்படித்தான் சொல்வாள். "மனசு சரியில்லை" என்று வாய் திறக்க மாட்டாள். திறந்தால் "பைத்தியம்" என்று பட்டம் கட்டிவிடுவார்கள். தங்கச்சி கல்யாணம் நின்று போகும்.

ஆகவே தலைவலி மாத்திரையோடு வீடு திரும்புகிறாள். நோய் அப்படியே இருக்கிறது!

பேயா? நோயா?

விடிந்தால் வயல் வேலை. வாரம் பிறந்தால் குழுக் கடன் தவணை. பொழுது சாய்ந்தால், சாராயக் கடைக்குப் போன புருஷன் எப்படி வருவானோ என்ற பயம். இத்தனையும் ஒரே தலையில். அந்தத் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

பிள்ளை பெற்ற வீட்டிலும் இதே கதைதான். பச்சை உடம்புக்காரி காரணமில்லாமல் அழுகிறாள். பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்கிறாள். "திமிர்" என்கிறாள் மாமியார். "காத்து கருப்பு" என்கிறார் பூசாரி.

வளரும் நாடுகளில் பிரசவமான 100 பெண்களில் சுமார் 20 பேருக்கு மனக்கோளாறு, முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்தில் ஒருத்தி! அத்தனை பேருக்குமா பேய் பிடித்துவிட்டது?

கோவிலுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. விபூதியும் பூசட்டும், வைத்தியமும் நடக்கட்டும். வைத்தியத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6-ந்தேதி அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. மாண்டவர்கள் 28 பேர்.

சட்டம் இருக்கிறது!

அரசு ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே அது கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் பஸ் மாறி கோரிமேடு போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. வீட்டில் என்ன காரணம் சொல்லிவிட்டுக் கிளம்புவாள்? பாகூர் என்றால் "சளிக்கு மருந்து வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அதனால்தான் சொல்கிறோம். பாகூரில் வாரம் ஒரு நாளாவது மனநல டாக்டர் கட்டாயம் உட்கார வேண்டும். எந்தக் கிழமை என்பது கிராமத்துக்குத் தெரிய வேண்டும். பேச ஒரு தனி அறை வேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்ஸ், "தூக்கம் வருதாம்மா? அழுகை வருதா?" என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டிடம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்!

கையில் இருக்கும் வழியையும் விட வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். "டெலி மனஸ்" என்று பெயர். 2022 அக்டோபர் 10-ந்தேதி மத்திய அரசு தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். அடி உதை என்றால் பெண்களுக்கான எண் 181.

பஸ்சில் இதைப் படிக்கும் அண்ணன்மார்களே! இன்று வீட்டுக்குப் போனதும் "சோறு ஆச்சா?" என்று கேட்பதற்கு முன்னால், "ராத்திரி தூங்கினியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவள் சொல்லி முடிக்கும் வரை டி.வி.யைப் போடாதீர்கள்.