ஒரு வருடமா, நான்கு வருடமா? விமானப் படிப்புக்குப் பணம் கட்டுமுன்

சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து தோட்டத்துக் கடைச் சுவர் வரை பாடநெறி விளம்பரங்கள் ஒட்டப்பட்டுவிடும். முன்பெல்லாம் கணினியும் தாதியர் பயிற்சியும்தான். இப்போது விமானப் படமும் சேர்ந்துகொண்டது. ஒரே வருடத்தில் விமானப் பொறியியல் டிப்ளோமா, பிறகு வெளிநாட்டில் வேலை என்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு விளம்பரம் நான்கு வருடப் படிப்பு என்கிறது. அந்தத் துண்டுப்பிரசுரங்களை எடுத்துக்கொண்டு எமது காரியாலயத்துக்கு வரும் தாய்மார் கேட்பது ஒரே கேள்விதான்: “தலைவர், ஒரு வருசத்துல முடிக்கிறது போதுமா, இல்ல நாலு வருசத்துக்கு விடணுமா?”

வருடக் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரங்களில் ‘விமானப் பொறியியலாளர்’ என்ற ஒரே பெயர் மூன்று வேறு ஆட்களுக்குச் சூட்டப்படுகிறது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்று விமானத்தின் வடிவமைப்பையும் கணக்கையும் பார்ப்பவர் ஒருவர். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் உள்ள வானூர்திப் பொறியியல் பட்டம் அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டாமவர், விமானத்தைப் பழுதுபார்த்து அது பறக்கலாம் என்று கையெழுத்திடும் அனுமதிப்பத்திரம் பெற்றவர். மூன்றாமவர், அவருக்குக் கீழே நின்று வேலை செய்யும் உதவியாளர். பட்டம் பெற்ற முதலாமவருக்குக்கூட இரண்டாமவரின் அனுமதிப்பத்திரம் தானாகக் கிடைத்துவிடாது. ஒரு வருட டிப்ளோமா மட்டும் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் மூன்றாமவராகத்தான் நிற்பார்.

இந்தக் கையெழுத்தின் பெறுமதியை எமது மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலையில் கொழுந்து பறிப்பவர் ஒருவர், தராசடியில் நிறுவையை எழுதுபவர் இன்னொருவர். பையில் எத்தனை கிலோ இருந்தாலும் பேனா பிடித்தவர் எழுதியதுதான் கணக்கு. முழுப்பேரா அரைப்பேரா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. விமானத் தளத்திலும் அப்படித்தான். பத்துப் பேர் இரவு முழுக்க முறுக்காணி முறுக்கினாலும், அனுமதிப்பத்திரம் உள்ளவர் கையெழுத்திடாமல் அந்த விமானம் நகராது. சம்பளமும் மதிப்பும் அந்தக் கையெழுத்தைச் சுற்றியே இருக்கின்றன. இங்கே கையெழுத்திடுபவர் தப்புச் செய்தால் நூற்றுக்கணக்கான உயிர் போகும் என்பதால் அந்த உரிமையைக் கல்லூரி கொடுப்பதில்லை. எமது நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைதான் கொடுக்கிறது.

ஐரோப்பிய ஒழுங்குமுறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பல நாடுகள் அதை ஒட்டியே தமது முறையை அமைத்திருக்கின்றன, இலங்கையும் அப்படித்தான். அதில் ‘ஏ’ வகை அனுமதிப்பத்திரம் என்பது சிறிய, வரையறுக்கப்பட்ட வேலைகளுக்கு மட்டும் கையெழுத்திடும் உரிமை. சில்லு மாற்றுவது போன்ற வேலைகள் அதில் அடங்கும். அதற்கான அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி 800 மணித்தியாலம். ‘பி1’ என்பது இயந்திரமும் விமான உடலும், ‘பி2’ என்பது மின்சாரமும் மின்னணுவியலும். இவை ஒவ்வொன்றுக்கும் 2400 மணித்தியாலம். பரீட்சையில் சித்தியடைய 75 புள்ளி வேண்டும். எமது பிள்ளைகள் பழகிய 35 புள்ளிச் சித்தி அங்கே செல்லாது.

பரீட்சையோடும் முடிவதில்லை. பறக்கும் விமானங்களில் வேலை செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்தவருக்கு ‘ஏ’ வகைக்கு 1 வருடம், பெரிய ஜெட் விமானங்களுக்கான ‘பி1’ வகைக்கும் ‘பி2’ வகைக்கும் 2 வருடம். எந்தத் தொழிற்பயிற்சியும் இல்லாமல் வருபவருக்கு அது முறையே 3 வருடமாகவும் 5 வருடமாகவும் நீள்கிறது. ஆகவே விளம்பரத்தில் உள்ள ‘ஒரு வருடம்’ என்பது வகுப்பறையின் ஒரு வருடம்தான். அந்தப் பயிற்சி அங்கீகாரம் இல்லாததாக இருந்தால் அதற்குப் பிறகு வரும் காத்திருப்பு இன்னும் கூடுகிறது. குறுகிய வழி என்று நம்பிப் போகிறவர்கள் நீண்ட வழியில்தான் நடக்கிறார்கள்.

இதை நாம் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. எமது அங்கத்தவர் ஒருவர் ஓய்வுபெற்று எடுத்த சேமலாப நிதியில் பெரும்பகுதியை மகனின் ஒரு வருட விமானப் பாடநெறிக்குக் கட்டினார். மீதிக்குக் காதுத் தோடு அடகுக்குப் போனது. பையன் ஒழுங்காகப் படித்தான், சான்றிதழும் வாங்கினான். வேலைக்குப் போன இடத்தில், இந்தப் பயிற்சி அனுமதிப்பத்திரக் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். இன்று அவன் கொழும்பில் ஒரு வாகனத் திருத்தகத்தில் நிற்கிறான். அந்த அனுமதிக்காக அவனுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததும் எமது காரியாலயம்தான். அங்கீகாரம் உண்டா என்று ஒரு வார்த்தை நாம் கேட்கவில்லை. அந்தத் தாயிடம் இப்போது நாம் என்ன சொல்வது?

கட்டணம் ஐந்து இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024ல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் அது 370 நாள் பேர். ஒரு தாய் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடாமல், கடைக்கடன் கட்டாமல் மலை ஏறினால் வரும் பணம்.

அதற்காகக் குறுகிய படிப்பே வேண்டாம் என்பது எமது கருத்தல்ல. வீட்டில் ஒருவர் மட்டும் உழைக்கிறார், கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள் என்றால், நான்கு வருடம் காத்திருக்கச் சொல்வது சொகுசாக இருப்பவர்களின் புத்திமதி. அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் ‘ஏ’ வகையைப் படித்து, வேலைக்குப் போய், சம்பளம் எடுத்துக்கொண்டே மேலதிகப் பாடங்களை எழுதி ‘பி1’க்கு ஏறலாம். நேராக நீண்ட படிப்புக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டாம் வருடத்தில் தவணைக் கட்டணம் இல்லாமல் நின்றுவிடுவதைவிட இது மேல். எமது குடும்பங்களில் பலவற்றுக்கு நாம் இந்த வழியைத்தான் சொல்வோம். ஆனால் அந்தக் குறுகிய படிப்பு அடுத்த படிக்குக் கணக்கில் வர வேண்டும். அப்படி வராத ஒரு வருடத்துக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள்.

கணிதம், பௌதிகம், ஆங்கிலம் ஆகிய மூன்றும் பிள்ளைக்கு எப்படி இருக்கின்றன என்பதையும் பாருங்கள். பாடப்புத்தகமும் பரீட்சையும் விமானத்தின் கைநூலும் ஆங்கிலத்தில்தான். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் குறையல்ல அது. அதைத் தொழிற்சங்கங்கள் இன்னும் உரத்துக் கேட்டிருக்க வேண்டும், நாமும் சேர்த்துத்தான். பெண் பிள்ளைகளை இந்தத் துறைக்கு அனுப்பத் தயங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அனுமதிப்பத்திரத்தில் ஆண் பெண் என்ற வித்தியாசம் இல்லை.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்குப் பட்டப்படிப்புக்காக வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. தொழில்சார் அனுமதிப்பத்திரப் படிப்புகளுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று நாம் கேட்கிறோம். தோட்டப் பிள்ளைகளுக்கு அதில் தனி ஒதுக்கீடும் வேண்டும். வரும் பேச்சுவார்த்தைகளில் சம்பளத்தோடு இதையும் வைப்போம்.

அதுவரைக்கும், பணம் கட்டுமுன் துண்டுப்பிரசுரத்தோடு காரியாலயத்துக்கு வாருங்கள். அங்கீகாரம் எந்த வகைக்கு, எந்தத் திகதி வரை, செய்முறைப் பயிற்சி எந்த விமானத்தில், பாதியில் விட்டால் கட்டிய பணம் திரும்புமா என்று எழுத்தில் பதில் கேட்போம். அதிகாரசபைக்குக் கடிதம் எழுதுவதும் எமது பொறுப்பு. பதில் வராமல் இனி எந்தப் பிள்ளைக்கும் இங்கிருந்து சிபாரிசுக் கடிதம் போகாது.